வெந்நீர் குடிக்கும் ஊர்

பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் வெளியூர் போகிறேன் என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சீனா என்று வாய் தவறிச் சொன்னதற்கே எங்கள் கும்பகோணம் தெருவில் ஆளுக்கு ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள். "பாம்பு சாப்பிடுவாங்களாமே, நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். என் தம்பி மனைவி ஐந்து கிலோ சாம்பார் பொடி அரைத்துக் கொடுத்து, "இதை மட்டும் கைவிட்டுடாதீங்க அண்ணி" என்றாள், ஏதோ போர்முனைக்குப் போகிறவளிடம் சொல்வது போல.

போன ஊர் ஷென்ஜென். மகளுக்கு அங்கேதான் வேலை. இந்தியக் கம்பெனி ஒன்றுக்கு மின்னணு உதிரி பாகங்கள் வாங்கி அனுப்புகிற வேலை. மாப்பிள்ளையும் அதே ஊரில். தலைப்பிரசவம் நம் வழக்கப்படி என் வீட்டில் ஆயிற்று. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்த ஊரில் மூன்று வயதில்தான் பள்ளிக்கூடம். அதுவரைக்கும் யார்? பாட்டிதான், வேறு யார்!

சென்னையிலிருந்து ஹாங்காங். அங்கே மேற்கு கௌலூன் ரயில் நிலையத்தில் ஒரே கட்டடத்துக்குள் ஹாங்காங்காரர்களும் முத்திரை குத்துகிறார்கள், நாலு எட்டு நடந்தால் சீனாக்காரர்களும் குத்துகிறார்கள். ரயிலில் உட்கார்ந்து பேத்திக்கு ஏப்பம் வரவைப்பதற்குள் ஃபூட்டியன் வந்துவிட்டது. கால் மணி நேரம். பூமிக்கு அடியில் இருக்கிற ஸ்டேஷன். படி ஏறி வெளியே வந்தால், ஒரு பெரிய ஊருக்கான சத்தமே இல்லை. எனக்கு முதலில் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம். ஊர்ப் பேருந்துகள் பதினாறாயிரத்துக்கும் மேல், அத்தனையும் 2017 முடிவதற்குள் மின்சாரத்துக்கு மாறிவிட்டனவாம். ஸ்கூட்டர்களும் மின்சாரம். சத்தம் இல்லாதது சுகம்தான், ஆனால் நடைபாதையில் பின்னால் ஸ்கூட்டர் வருவதே தெரியாது. சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் சர்ரென்று உரசிக்கொண்டு போவார்கள். மூன்று மாதத்தில் நான் அந்த ஊரில் பயந்தது பாம்புக்கு இல்லை, இந்த ஸ்கூட்டருக்குத்தான்.

எனக்குக் கல்யாணம் ஆனது 1985இல். அதே வருடம்தான் இந்த ஊரில் குவோமாவ் என்ற கட்டடம் எழும்பி முடிந்ததாம். மூன்று நாளைக்கு ஒரு மாடி என்று கட்டினார்களாம். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் வேகத்துக்கு உதாரணமாக அதைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் கும்பகோணத்தில் வீடு கட்ட அஸ்திவாரம் போட்டதிலிருந்து கிருகப்பிரவேசம் வரைக்கும் நாலு வருடம் ஆயிற்று, அதுவும் மாடி இல்லாமல். இப்போது குவோமாவை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 599 மீட்டர் உயரத்தில் பிங் ஆன் என்று ஒரு கோபுரம் நிற்கிறது. மேகம் இறங்கின நாளில் அதன் தலை தெரியாது. 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று அறிவித்தபோது வயலும் மீன்பிடிப்பும் சின்னச் சின்னக் கடைத்தெருக்களுமாக, மொத்தமே சுமார் மூன்று லட்சம் பேர் இருந்த இடம். 2020 கணக்கெடுப்பில் ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் பேர். யாரைக் கேட்டாலும் வேறு ஊர். கான்டன் பக்கத்து மாகாணம்தான், ஆனாலும் தெருவில் கான்டனீஸ் குறைவு. எல்லோரும் வந்தேறிகள் என்பதால் பொதுவான மாண்டரின்தான். "வந்துவிட்டால் நீயும் ஷென்ஜென்காரன்" என்று அந்த ஊரில் ஒரு வாசகமே உண்டு.

நாங்கள் இருந்தது இருபத்தேழாவது மாடி. உண்மையில் இருபத்து நாலுதான். சீன மொழியில் நாலு என்பதும் சாவு என்பதும் காதுக்கு ஒன்று போலக் கேட்குமாம். அதனால் அந்தக் கட்டட லிஃப்டில் 4, 14, 24 என்ற பொத்தான்களே கிடையாது. நம் ஊரில் எட்டாம் நம்பருக்குப் பயப்படுகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும், எட்டுக்குத்தான் அங்கே ஏக மரியாதை.

சாப்பாட்டுக் கவலை இரண்டு நாளில் தீர்ந்தது. காய்கறிச் சந்தைக்குப் போனால் பாகற்காய், காராமணி, வெண்பூசணி, சேப்பங்கிழங்கு, சிவப்புத் தண்டுக்கீரை, எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மீன் தொட்டியில் நீந்துகிறது. கைகாட்டினால் பிடித்துச் சுத்தம் செய்து தருகிறார்கள். ஹோட்டலில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. உட்கார்ந்ததும் சூடான தேநீர்க் குடுவை வரும். அதை உடனே குடிப்பதில்லை. கிண்ணம், குவளை, குச்சி எல்லாவற்றையும் அந்த சூட்டிலேயே அலம்பிக் கொட்டுகிறார்கள். நாம் இலை போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறோமே, அதே கைப்பழக்கம்.

அப்புறம் வெந்நீர். ரயில் நிலையத்தில், ஆஸ்பத்திரியில், ஆபீசில், எங்கே பார்த்தாலும் வெந்நீர்க் குழாய். இளவட்டங்கள்கூடக் கையில் பிளாஸ்க் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். தலைவலியா, வெந்நீர் குடி. வயிற்று வலியா, வெந்நீர் குடி. நான் நாற்பது வருடமாக என் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு தேசமே கேட்டு நடக்கிறது! மகளிடம் சொல்லிக் காட்டினேன். "ஆரம்பிச்சிட்டியா" என்றாள்.

மார்ச், ஏப்ரலில் அங்கே ஒரு விசித்திரமான பருவம். தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பி வரும் நாட்கள். சுவர் வியர்க்கிறது. நிஜமாகவே, சுவரில் தண்ணீர் கோடுகோடாக இறங்கும். கண்ணாடி அழும். குழந்தை துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. தெருவில் செவ்விலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்துக் கொட்டும். வயதானவர்கள் குனிந்து அந்தப் பூவைப் பொறுக்கிப் பைகளில் சேர்ப்பார்கள். காயவைத்து சூப் வைப்பார்களாம். மேம்பாலம் முழுக்கக் காகிதப்பூ தொங்குகிறது. மரத்தடியில் பூப்பொறுக்குகிற அந்தப் பாட்டிகளைப் பார்த்ததும்தான் ஊர் கொஞ்சம் எனக்குப் பழகின மாதிரி ஆயிற்று.

பாட்டிகள் என்றேனே, பகல் நேரத்து ஷென்ஜென் அவர்களுடையதுதான். ஒன்பது மணிக்கு இளவயதுக்காரர்கள் மெட்ரோவுக்குள் போய் மறைந்ததும், ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் தள்ளுவண்டிகளோடு பாட்டிகள் இறங்குகிறார்கள். தாத்தாக்கள் குறைவு. சாயங்காலம் மைதானத்தில் பாட்டு போட்டு வரிசையாக ஆடுவதும் இவர்கள்தான். அங்கே தொழிலாளிப் பெண்களுக்கு ஐம்பது வயதில் ஓய்வு என்று நீண்ட நாள் விதி இருந்தது. 2025இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறார்கள். ஓய்வு பெற்றதும் பேரன் பேத்தி வேலை தொடங்கிவிடுகிறது. இப்படி முதிய வயதில் ஊர் விட்டு வந்து பிள்ளைகளோடு இருப்பவர்களை "லாவ் பியாவ்" என்கிறார்கள். மிதக்கும் முதியவர்கள் என்று அர்த்தம் சொன்னார் மாப்பிள்ளை.

அவர்களில் ஒருவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது என் முட்டாள்தனம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து நான் மட்டும் பேருந்தில் வளைகுடாப் பூங்காவுக்குப் போனேன். கடலோரமாக நீளமான பூங்கா, எதிர்க்கரையில் ஹாங்காங். அந்த ஊரில் பணம் என்பதே போனில்தான். காய்கறிக்காரி, பேருந்து, தெருவில் வள்ளிக்கிழங்கு சுடுகிறவர், எல்லோரும் ஒரு கட்டம் போட்ட அட்டையைக் காட்டுவார்கள், நாம் போனை அதன்மேல் காட்ட வேண்டும். மகள் என் போனில் எல்லாம் செய்து கொடுத்திருந்தாள். கடல், கொக்கு, கட்டடம் என்று நாற்பது படம் எடுத்தேன். போன் செத்துப்போனது.

பேத்தி எழுந்து அழத் தொடங்கினாள். பால்பவுடர் இருக்கிறது, பிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. பையில் நூறு யுவான் நோட்டு ஒன்று. கடைக்காரப் பையனிடம் நீட்டினேன். அவன் சில்லறைக்குப் பெட்டியைத் துழாவி, கையை விரித்து, அட்டையைக் காட்டினான். பக்கத்திலேயே போனுக்கு சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் வாடகைக்கு விடும் பெட்டி. மூலைக்கு மூலை உண்டு. ஆனால் அதைத் திறக்கவும் போனைத்தான் காட்ட வேண்டும். போனுக்கு உயிர் கொடுக்கப் போனே வேண்டும் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? மகளின் நம்பர்கூட எனக்கு மனப்பாடம் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத என் அப்பாயி, பஸ் போர்டு பார்க்க வழிப்போக்கர்களைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அறுபத்திரண்டு வயதில் அந்த நிலையில் நான் நின்றேன்.

ஒரு அம்மாள் வந்தார். எங்கள் குடியிருப்பில் பார்த்த முகம்தான். சாயங்கால ஆட்டத்தில் இரண்டாவது வரிசை. அவர் வண்டியிலும் ஒரு பெண் குழந்தை. ஒன்றும் கேட்கவில்லை. தன் பிளாஸ்கைத் திறந்து பாட்டிலில் வெந்நீர் ஊற்றினார், பவுடரைக் குலுக்கினார், மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டு சூடு பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் தன் போனைக் காட்டிப் பவர் பேங்கை எடுத்து என் கையில் வைத்தார்.

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். அவர் ஹுனான் மாகாணத்துக் கிராமத்துக்காரர், ஐம்பத்தேழு வயது. நான் தமிழில் போனிடம் சொல்வேன், அது சீனத்தில் சொல்லும். அவர் பேச்சு ஹுனான் வட்டார வழக்கு, போனுக்கே பாதி புரியாது. என் "சம்பந்தியம்மா"வை அது என்னவாக மொழிபெயர்த்ததோ, விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் எங்களுக்குப் பேச விஷயம் குறையவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அங்கேயும் ஒரு மாதம் வெளியே போகக்கூடாது, குளிர்ந்தது தொடக்கூடாது. நான் பூண்டும் பிரசவ லேகியமும் சொன்னேன். அவர் இஞ்சியும் கருப்புச் சர்க்கரையும் சொன்னார். இந்தப் பக்கத்து ஆட்கள் இஞ்சியைக் காடியில் போட்டு, பன்றிக்கால், முட்டையோடு கொதிக்கவைத்துக் கொடுப்பார்களாம், அதைச் சொல்லும்போது அவரே முகத்தைச் சுளித்தார். குழந்தைக்கு மாதம் நிறைந்ததும் அங்கேயும் மொட்டை உண்டு. பேரனின் முதல் முடியில் ஒரு எழுதுகோல் தூரிகை செய்து வைத்திருக்கிறார், படத்தைக் காட்டினார். நாங்கள் முடியை சாமிக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொன்னேன். நல்ல யோசனைதான், வீட்டில் இடம் அடைக்காது என்றார்.

மெதுவாகத்தான் மற்றதைச் சொன்னார். அவர் இந்த ஊருக்குப் புதிது இல்லை. 1993இல் முதல் தடவை வந்தாராம், பொம்மைத் தொழிற்சாலைக்கு. அப்போது மண்டலத்தைச் சுற்றி எண்பது கிலோமீட்டருக்கு மேல் வேலி. உள்ளே நுழையவே தனி அனுமதிச் சீட்டு. ஒரு அறையில் பன்னிரண்டு பெண்கள். மகனுக்கு அப்போது ஒரு வயது. ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர். வருடத்துக்கு ஒரு தடவை, புத்தாண்டுக்குப் போவார். மூன்றாவது வருடம் போனபோது பையன் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டு இவரை "ஆயி" என்று கூப்பிட்டானாம். அத்தை, சித்தி வயதுப் பெண்களைக் கூப்பிடுகிற சொல் அது. ஒன்பது வருடம் அப்படி. அந்தச் சம்பளத்தில்தான் மகன் படித்தான், இதே ஊரில் வேலைக்கு வந்தான். இப்போது அவன் குழந்தைகளை இவர் வளர்க்கிறார். ஒரு வருடம் என்று சொல்லி வந்தது, நாலு வருடம் ஆகிவிட்டது. பெரியவனைப் பள்ளிக்கு அனுப்பும்போது இரண்டாவது பிறந்துவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

ஊரில் தனியாக. வாத்து வளர்க்கிறாராம். இங்கே வரமாட்டாராம். இருபதாவது மாடியில் வாத்துக்கு என்ன வேலை என்று கேட்பாராம். இவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் வாட்ஸப்பில் பேசினான். "பெரியம்மா, பெரியப்பா சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னாங்க..." பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். எலும்பு முறிவு இல்லை, இடுப்பில் நல்ல அடி. நடந்து எட்டு நாள் ஆகிறது. அந்த எட்டு நாளும் தினம் என்னோடு வீடியோவில் பேசினார், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல்! நான் கவனிக்கவில்லை. பேத்தியைக் காட்டு, பேத்தியைக் காட்டு என்பார், நானும் போனை அவள் பக்கமே திருப்பி வைத்திருந்தேன்.

"என்னங்க, என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கிளம்பி வந்துடுவ. புள்ள வேலைய விடணும். மாத்திரை போட்டேன், சரியாப் போச்சு."

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் மகளிடம் சொன்னேன். சில நாளாகவே அவள் மனதில் ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். என் விசாவை நீட்டிக்க முடியுமா என்று மாப்பிள்ளை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். இன்னும் மூன்று மாதம் இருந்தால் குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும். அவள் அதைக் கேட்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள், வைத்தாள். பிறகு என்னிடம், "நான் என்ன சொல்லட்டும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ராத்திரி தூங்கவும் இல்லை. எதிர்க்கட்டடத்தில் பதினொரு மணிக்கும் ஆபீஸ் விளக்கு எரிந்தது. அங்கே மத்தியானம் ஆபீஸில் மடக்குக்கட்டில் போட்டு அரை மணி தூங்குகிறார்கள் என்று முதலில் கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்று பார்த்த பிறகு வேடிக்கை போய்விட்டது.

காலையில் பூங்காவில் ஹுனான் அம்மாளிடம் சொன்னேன். போன் சொன்னது புரியவில்லை போல. நான் விழுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் போனை எடுத்து என்னவோ சொன்னார். அது தமிழில் எழுத்தாக வந்தது: "நீ போ. உன்னால் முடியும்." உன்னால் முடியும் என்பது தைரியம் சொன்னதா, என்னால் முடியாது என்று தன்னைச் சொன்னதா, எனக்கு இன்றுவரை தெரியாது. திருப்பிக் கேட்கவும் இல்லை.

குறித்த தேதியிலேயே கிளம்புவது என்று முடிவாயிற்று. மதுரையிலிருந்து சம்பந்தியம்மா வர சம்மதித்தார், முழங்கால் வலியோடு. அவர் விசா கைக்கு வர இன்னும் நாளாகும். நடுவில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மகளும் மாப்பிள்ளையும் மாறி மாறி விடுப்பு எடுத்துச் சமாளிக்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹுனான் அம்மாள் தானாகவே சொன்னார். பணம் பேச்சை எடுத்த மாப்பிள்ளையை முறைத்த முறைப்பில் அவர் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

ஜூன் முதல் வாரம். சந்தையில் லிச்சி வந்துவிட்டது, ஷென்ஜென் பக்கமே விளைவது, கிளையும் இலையுமாக. கிளம்பும்போது ஹுனான் அம்மாள் ஒரு பாட்டில் மிளகாய் ஊறுகாய் கொடுத்தார், அவர் வீட்டுக்காரர் ஊரில் போட்டு அனுப்பியது. நான் மிச்சம் இருந்த இரண்டு கிலோ சாம்பார் பொடியைக் கொடுத்தேன். எப்படிச் சமைப்பது என்று காட்டுவதற்கு நேரமில்லை. மீனில் தடவிப் பொரித்தாராம், நன்றாக இருந்ததாம்.

இப்போது கும்பகோணத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து. பாத்ரூமில் கைப்பிடி வைத்தாயிற்று. நான் தினம் இரண்டு வேளை வெந்நீர் கொடுக்கிறேன், சீனாவையே சாட்சிக்கு இழுத்துக்கொண்டு.

நேற்று மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். பூங்காவில் ஹுனான் அம்மாள் மடியில் பேத்தி, கையைக் காலை உதைத்துக்கொண்டு, "மாமா, மாமா" என்கிறாள். சீனத்தில் மாமா என்றால் அம்மா. "என்னைக் கூப்பிடுறாம்மா!" என்று மகள் எழுதியிருந்தாள். குடும்பக் குழுவில் என் மகன் விடுவானா? "தாய்மாமன் நான் இருக்கேன், உன்னை யாரு கூப்பிட்டா?" என்று சென்னையிலிருந்து பதில் போட்டான். இருவருக்கும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

"தாத்தான்னு எப்ப சொல்லுவா?" என்று இவர் கேட்டார். அங்கே அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு வேறு பெயர், "வாய்கோங்" என்றேன். காலையிலிருந்து வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.